எண்ணில்லாத பக்கங்கள்

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே மூன்று வருடங்களாகச் சேர்ந்து படித்துக்கொண்டிருந்த அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். தென்காசியில் ஒருவர், திருவாரூரில் இருவர், சிங்கப்பூரில் ஒருவர் என்று எங்கெங்கோ இருந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி அடித்ததும் கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, கைப்பேசிக்குள் 'ஞாயிறு வாசகர்' என்ற வாட்ஸப் குழுவில் வந்து கூடிவிடுவார்கள். தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஞானசிகாமணி அந்தக் குழுவை நடத்தினார். இப்போது என்ன படிக்கிறீர்கள், எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள் என்று மூன்று விஷயம் மட்டும் எழுதலாம். காலை வணக்கப் படம் கூடாது, அரசியல் கூடாது, சொந்தக் குடும்பக் கதை கூடாது.

அந்த அறுபத்து மூன்று பேரில் ஒருத்தி சௌடேஸ்வரி. குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருந்த ரத்தினவேலின் மனைவி. எட்டுத் தறிக்கும் தார் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிற நாடாவுக்குள் வைக்கிற அந்தச் சின்ன நூல்குச்சி ஓடித் தீர்வதற்குள் அடுத்தது தயாராக இருக்க வேண்டும், ஆகவே அவள் தார் கணக்கில்தான் படித்தாள், தார் கணக்கில்தான் எழுதினாள். "நாலு தார் தீர்ற நேரத்துல முதல் அத்தியாயம் முடிச்சேன், இந்தக் கதையில எல்லாரும் பேசறாங்க, சமைக்கறவ மட்டும் பேசல" என்று அவள் எழுதினால், பள்ளப்பட்டியில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்திய ஹாஜிரா பானு அதை இரண்டு தடவை படிப்பார். இருவரும் தனியாகவும் பேசிக்கொள்வார்கள். பேச்சு புத்தகத்தை விட்டு வெளியே போனதில்லை. மாசி மாதம் ஒரு நாள் மட்டும், "இப்ப மூணு மாசம்க்கா, வாந்தியா இருக்கு, படிக்க முடியல" என்று சௌடேஸ்வரி சொன்னாள்.

அதற்கடுத்த ஞாயிறு அவள் எழுதவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் எழுதவில்லை. அறுபத்து மூன்று பேரில் ஒருவர் எழுதாமல் இருப்பது கூட்டத்தில் ஒருவர் இருமாமல் இருப்பதைப் போல. ஹாஜிரா இரண்டு முறை கூப்பிட்டார், தொடர்பு கிடைக்கவில்லை, மசக்கை என்று நினைத்துக்கொண்டார்.

பங்குனி இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணிக்கு, குழுவில் இருந்த எல்லோருடைய புத்தகத்திலும் எண்பத்தெட்டாம் பக்கத்துக்கும் எண்பத்தொன்பதாம் பக்கத்துக்கும் நடுவே எண் போடாத பதினோரு தாள்கள் இருந்தன. ஞானசிகாமணி பாசன வரலாறு படித்துக்கொண்டிருந்தார், அதில் இருந்தன. தஞ்சாவூர்க் கல்லூரி ஆசிரியர் இளம்பரிதி மொழிபெயர்ப்பு நாவல் படித்தார், அதில் இருந்தன. சிங்கப்பூர்க்காரர் திரையில் படித்தார், அதிலும் இருந்தன. சமையல் குறிப்புப் புத்தகம் படித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புளிக்குழம்புக்கும் வத்தக்குழம்புக்கும் நடுவே இருந்தன. அந்தந்தப் புத்தகத்தின் காகிதம், அந்தந்தப் புத்தகத்தின் எழுத்து, தையலில் பிசிறு கிடையாது. குழுவில் இல்லாதவர்கள் அதே புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் எண்பத்தெட்டுக்கு அடுத்து எண்பத்தொன்பதுதான் இருந்தது. ஞானசிகாமணியின் மனைவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியல, நீங்களே படிங்க" என்று எழுந்து போனார்.

'இந்த வாரம் நான் படித்தது' என்று அந்தப் பக்கங்கள் தொடங்கின. ஒரு பெண் பேசினாள். தறிக்கூடத்துக்கு மேலே நூல்மூட்டை அடுக்கும் அறையில் அவளை வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் யாரோ ஆண்களோடு சிரித்துப் பேசினாள், அந்த நேரத்தில் இரண்டு தறி தார் இல்லாமல் நின்றது, அதற்குத்தான் பூட்டு. கைப்பேசியைக் கல்லில் வைத்து உடைத்தாயிற்று, புத்தகங்களை வெந்நீர் அடுப்பில் போட்டாயிற்று. திருச்செங்கோட்டில் இருக்கும் அக்காள் வீட்டுக்கு ஓய்வுக்குப் போயிருப்பதாகக் கணவன் தெருவில் சொல்லிவிட்டான். வயிற்றில் பிள்ளை. கீழே தறி ஓடுவதால் அவள் கூப்பிட்டது அவளுக்கே கேட்கவில்லை.

முதல் நாள் அச்சுப் பிழை என்றார்கள். மாலைக்குள் எல்லோருக்கும் ஒரே பிழை என்று தெரிந்தது. மறுவாரம் அடுத்த பதினோரு தாள்கள் வந்ததும் பிழை என்ற பேச்சு போய், "நமக்கு மட்டும் கிடைத்திருக்கிறது" என்ற பேச்சு வந்தது. தண்ணீர்க் குழாயில் திடீரென்று பால் வந்தாலும் மூன்றாம் நாள் அதற்கு எந்தப் பாத்திரம் வைக்கலாம் என்று பேசுவதுதானே மனித வழக்கம். ஞானசிகாமணி அதற்கு 'எண்ணில்லாத பக்கங்கள்' என்று பெயர் வைத்து, குழுவின் கூட்டு வாசிப்பாக அறிவித்தார். மற்ற புத்தகங்களை வார நாட்களில் படித்துக்கொள்ளலாம், ஞாயிறு இதற்கு மட்டும்.

கருத்துகள் குவிந்தன. நடை எளிமையாக இருக்கிறது, ஆனால் ஆழமாக இருக்கிறது என்றார்கள். கணவன் தரப்பு சொல்லப்படவில்லை, பாத்திரம் ஒற்றைப் பரிமாணமாக நிற்கிறது என்றார்கள். "ஜன்னல் இருக்கு இல்ல, கத்தலாம் இல்ல, ஏன் கத்தல, நம்பகத்தன்மை குறையுது" என்று ஓசூரிலிருந்து ஒருவர் எழுதினார். இளம்பரிதி, தறியின் சத்தம் என்பது சமூகத்தின் குறியீடு என்று நான்கு பத்திகள் எழுதினார், அதை எல்லோரும் மற்ற குழுக்களுக்கு அனுப்பினார்கள். குழுவில் சேர்ந்தால்தான் பக்கங்கள் வரும் என்று தெரிந்ததும் ஆட்கள் சேர்ந்தார்கள். நூறு ஆனார்கள், இருநூறு ஆனார்கள், இரும்புக்கடைக்காரரும் பல் மருத்துவரும் பரீட்சைக்குப் படிக்கிறவர்களும் வந்தார்கள். வாழ்க்கையில் புத்தகமே வாங்காதவர்கள், பக்கங்கள் வந்து உட்கார ஓர் இடம் வேண்டுமே என்று பழைய பேப்பர் கடையில் எண்பத்தெட்டுப் பக்கத்துக்குக் குறையாத எதையாவது வாங்கினார்கள்.

மூன்றாம் வாரப் பக்கங்களில் அந்தப் பெண், கணவன் அடித்த நேரத்தைச் சொல்லியிருந்தாள். 'ரெண்டு தார் தீர்ற நேரம்' என்று இருந்தது.

ஹாஜிரா பானு தையல் எந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து அதைப் படித்தார். புத்தகத்தை மூடினார், திறந்தார், அந்த வரி அங்கேயே இருந்தது. குழுவின் பழைய செய்திகளைத் தேடி எடுத்தார். நாலு தார் தீர்ற நேரத்துல முதல் அத்தியாயம். ஆறு தார் தீர்ற நேரத்துல பாதிப் புத்தகம். இனி அவருக்குச் சந்தேகம் இல்லை. ஞானசிகாமணிக்குத் தனியாக எழுதினார்: "ஐயா, இது நம்ம குமாரபாளையம் சௌடேஸ்வரி."

அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "அம்மா, வணக்கம். ஊகத்தின் பேரில் ஒரு குடும்பத்தில் நாம் தலையிடுவது முறையல்ல. தறி ஓட்டும் ஊர்கள் எத்தனையோ உண்டு. நம் குழுவின் நோக்கம் வாசிப்பு. தாங்கள் இதைப் பொதுவில் எழுதினால் மற்றவர்களின் வாசிப்பு அனுபவம் கெடும்."

ஹாஜிரா பொதுவில் எழுதவில்லை. மகளுக்கு நிக்காஹ் பேசிக்கொண்டிருந்த நேரம். தெரியாத ஊரில், தெரியாத வீட்டில், இன்னொருவன் பெண்டாட்டியைப் பற்றி விசாரித்துக்கொண்டு போய் நின்றால் என்ன கேட்பார்கள் என்று யோசித்தார். காவல் நிலையத்தில் போய்ப் புத்தகத்தைக் காட்டினால் அவர்களுக்கு எண்பத்தெட்டும் எண்பத்தொன்பதும்தானே தெரியும் என்று யோசித்தார். இவை எல்லாம் உண்மையான காரணங்கள்தான். இவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதை அவர் வெகுநாள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு என்ன வரும் என்று படிக்க வேண்டும் போல இருந்தது.

நான்காம் வாரம் வந்தது. ஐந்தாம் வாரமும் வந்தது.

ஐந்தாம் வாரப் பக்கங்களில் பிள்ளை போயிற்று. அந்தப் பெண் அதை நீட்டிச் சொல்லவில்லை. மாடிப்படியில் தள்ளியதையும், மறுபடி உள்ளே போட்டுப் பூட்டியதையும், நூல்மூட்டையின் சாக்கைக் கிழித்து விரித்துப் படுத்ததையும், கீழே எட்டுத் தறியும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்ததையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போய், மூன்றாம் தாளிலேயே நிறுத்திவிட்டாள். மீதி எட்டுத் தாளும் வெறுமையாக இருந்தன. குழு இதுவரை படித்ததில் இதுதான் உச்சம் என்றார்கள். அழுதேன் என்று முந்நூறு பேர் எழுதினார்கள், அவர்கள் உண்மையாகவே அழுதிருந்தார்கள். வெற்றுத் தாளின் அழகியல் பற்றி இளம்பரிதி இணையவழிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினார். இதற்கு ஏதாவது விருது கொடுக்க முடியுமா, எழுதியவர் பெயர் இல்லாமல் எப்படிக் கொடுப்பது என்று தனியாக ஒரு விவாதம் நடந்தது.

ஹாஜிரா அந்த வாரம் முழுக்க வகுப்புக்கு விடுமுறை விட்டுவிட்டுப் படுத்திருந்தார். கூட்டத்தில் அவரும் இருந்தார். கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆறாம் ஞாயிறு பத்து மணிக்குப் பக்கங்கள் வந்ததும் அவர் படிக்காமலே குழுவில் எழுதினார். "இது கதை இல்லை. இது நம்ம சௌடேஸ்வரி. இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். குமாரபாளையத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள். யாராவது வாருங்கள், போகலாம்."

சௌடேஸ்வரி என்பது யார் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டார்கள். பழையவர்கள் உறுப்பினர் பட்டியலில் தேடி, ஆமாம், அப்படி ஒரு எண் இருக்கிறது, மாசிக்குப் பிறகு வரவில்லை என்றார்கள். அதற்குப் பிறகு பேச்சு இரண்டு நாள் ஓடியது. படைப்பையும் வாழ்க்கையையும் போட்டுக் குழப்பிக்கொள்வது வாசகரின் முதிர்ச்சியின்மை என்று இளம்பரிதி வருத்தத்தோடு எழுதினார். உண்மையாகவே இருந்தாலும் நாம் போய்விட்டால் கதை நம்மால் மாறிவிடும், அது சரியா என்று ஒருவர் கேட்டார், அது நல்ல கேள்வி என்று பலர் சொன்னார்கள். ஞானசிகாமணி நியாயமான மனிதர். யாருடைய மனமும் நோகக் கூடாது என்று வாக்கெடுப்பு வைத்தார். நேரில் போய்ப் பார்க்கலாம், தேவையில்லை, கதை முடிந்த பிறகு பார்க்கலாம் என்று மூன்று விடை. ஒரு வாரம் அவகாசம். முதல் நாள் கணக்கில், போய்ப் பார்க்கலாம் என்று பத்தொன்பது பேர், தேவையில்லை என்று நூற்றைம்பது பேர், முடிந்த பிறகு என்று மற்றவர்கள்.

அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவர் ஹாஜிராவைக் கூப்பிட்டார். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த உலகநாதன். மூன்று வருடத்தில் 'நன்று' என்ற சொல்லுக்கு மேல் குழுவில் எழுதாதவர்.

"எப்பங்க போறீங்க?" என்று கேட்டார்.

"வாக்கெடுப்பு முடியட்டும்னு சொல்றாங்க, சார்."

"அது முடிஞ்சா மட்டும் என்னங்க ஆகப் போகுது?"

ஆனாலும் ஹாஜிரா அந்த வாரம் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

எட்டாம் ஞாயிறு பதினோரு தாளும் வெறுமையாக வந்தன. ஒரு எழுத்து இல்லை. தாளின் ஓரத்தில் மட்டும் சாயம் பட்டதைப் போல் லேசான நீலம். குழுவில் துணிச்சலான முயற்சி என்று முதல் கருத்து வந்து விழுந்தபோது, ஹாஜிரா துப்பட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தார். அவர் கூப்பிட்டுச் சொன்னதும் உலகநாதன் காரில் கரூருக்கு வந்து அவரை ஏற்றிக்கொண்டார்.

குமாரபாளையத்தில் எப்போதும் போல் ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடிக்கொண்டிருந்தது. ரத்தினவேல் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை, தெருவில் கேட்ட முதல் ஆளே காட்டினார், காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரத்தினவேல் தறிக்கூட வாசலுக்கு வந்தான். சின்ன உருவம், நெற்றியில் திருநீறு, மரியாதையான பேச்சு.

"யாருங்க நீங்க, சொந்தமா?" என்று சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டான்.

"சௌடேஸ்வரி கூடப் படிக்கறவங்க" என்றார் ஹாஜிரா.

"அவ எட்டாவதோட நின்னவ. கூடப் படிச்சவங்கன்னா எப்படி? அவ அக்கா ஊட்டுக்குப் போயிருக்கறா. வந்தா சொல்றேன்."

உலகநாதன் ரத்தினவேலைத் தாண்டி உள்ளே போனார், சுவரில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். எட்டுத் தறியும் ஒவ்வொன்றாக மூச்சு விட்டு நின்றன. நாடா பாதியில் நின்றது, மின்விசிறி நின்றது, தறி ஓட்டிக்கொண்டிருந்த நான்கு பேரும் கையைத் தூக்கியபடி நின்றார்கள். பல வருடமாக அந்தக் கூடம் அறியாத ஓர் அமைதி வந்து விழுந்தது. அந்த அமைதியில், மேலே, மரப்பலகையில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. வேகமாக இல்லை. ஒன்று, பிறகு வெகுநேரம் கழித்து ஒன்று.

தறி ஓட்டியவர்களில் வயதானவர், "எங்களுக்குக் கேக்கலீங்க" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

ரத்தினவேல் சுவிட்சை மறுபடி தூக்க வந்தான். உலகநாதன் அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு போலீஸுக்குக் கூப்பிட்டார். ஹாஜிரா தறியில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு படியேறினார்.

சௌடேஸ்வரியை ஈரோட்டுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முப்பத்தோரு கிலோ இருந்தாள். இடது காது கேட்கவில்லை. ரத்தினவேலைக் கைது செய்து கொண்டுபோகும்போது, இத்தனை நாளும் தானே சுற்றிய தாரை இனி யார் சுற்றுவார்கள் என்று தறிக்காரர்களிடம் அவன் கேட்டதைத் தெருவே பார்த்தது.

அன்று சாயங்காலம் எல்லோருடைய புத்தகங்களிலிருந்தும் எண்ணில்லாத பக்கங்கள் போய்விட்டன. எண்பத்தெட்டுக்கு அடுத்து எண்பத்தொன்பது. முடிவு அவசரமாக இருக்கிறது என்று சிலர் எழுதினார்கள். நடந்ததை உலகநாதன் நான்கு வரியில் எழுதிப் போட்டதும், 'படைப்பாளருடன் ஓர் உரையாடல்' என்று ஞானசிகாமணி ஓர் அறிவிப்பைத் தயாரித்தார், அவள் உடம்பு தேறியதும் தேதி சொல்வதாக எழுதினார். மறுநாள் இன்ஸ்பெக்டர் அவரைக் கூப்பிட்டு, பக்கங்கள் இல்லாமல் போனாலும் அவற்றிலிருந்து வரி வரியாக எடுத்துக் கருத்துச் சொல்லியிருக்கிறீர்களே, நாள் நேரத்தோடு இருக்கிறது, எழுதியவர்கள் வந்து கையெழுத்துப் போட்டால் வழக்குக்கு உதவும் என்று சொன்னதும் அந்த அறிவிப்பு காணாமல் போனது. பிறகு 'வெளியேறினார்' என்ற வரி வரத் தொடங்கியது. இளம்பரிதி வெளியேறினார். சிங்கப்பூர்க்காரர் வெளியேறினார். ஓசூர்க்காரர் வெளியேறினார். நாள் முழுக்க, தறியில் நூல் ஓடுவதைப் போல அந்த வரி ஓடிக்கொண்டிருந்தது. நானூற்றுப் பத்துப் பேர் இருந்த இடத்தில் புதன்கிழமை பதினோரு பேர் இருந்தார்கள். ஞானசிகாமணி தன் பொறுப்பை யாருக்கும் கொடுக்காமலே போயிருந்தார்.

வியாழக்கிழமை ஹாஜிரா ஆஸ்பத்திரிக்குப் போனார். சௌடேஸ்வரி எழுந்து உட்கார்ந்திருந்தாள். நேரில் அவள் குரலை ஹாஜிரா கேட்பது அதுதான் முதல் தடவை. கேட்கிற காதின் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பக்கம் பக்கமா வந்துச்சுன்னு நர்ஸம்மா சொல்றாங்க. நான் ஒண்ணும் எழுதலக்கா. பத்து மணிக்குத் தறிக்காரங்களுக்கு டீ வாங்கி வருவாங்க இல்ல, அந்த வாசன மேல வரும், ஞாயித்துக்கெழம அந்த நேரத்துக்கு செவுத்தப் பாத்து சொல்லுவேன், இந்த வாரம் நான் படிச்சதுன்னு. கையில புஸ்தகம் இல்ல. அதனால அந்த வாரத்தையே படிச்சேன்."

"ம்."

"எல்லாரும் படிச்சாங்களா?"

"படிச்சாங்க."

"எட்டு வாரமுமா?"

"எட்டு வாரமும்."

சௌடேஸ்வரியின் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அவ்வளவு பேர் கேட்டார்கள் என்ற சந்தோஷம். அது தங்கவில்லை.

"நாந்தான்னு நீங்க எப்பக்கா கண்டுபிடிச்சீங்க?"

ஆறாவது வாரம் என்று சொல்லலாம். குழுவில் அப்படித்தான் இருக்கிறது, யார் தேடினாலும் அப்படித்தான் கிடைக்கும். ஞானசிகாமணிக்கு எழுதியது அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

"மூணாவது வாரம்" என்றார் ஹாஜிரா.

சௌடேஸ்வரியின் விரல்கள் போர்வைக்கு மேல் மடங்கின. மூன்று. நான்கு. ஐந்தாவது விரலை அவள் மடக்கவில்லை, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்துப் படுக்கைக்காரிக்கு யாரோ ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இனி வராதீங்கக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்புறம் கேட்காத காதை ஹாஜிரா பக்கம் வைத்துப் படுத்துக்கொண்டாள்.

ஹாஜிரா பழப் பையை அங்கே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பேருந்து ஏறிக் குமாரபாளையம் போனார். காவல் நிலையத்தில் ஓர் எழுத்தர் அவர் சொல்லச் சொல்ல எழுதினார். மூன்றாவது வாரம் என்ற இடம் வந்ததும் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார்.

"அம்மா, இத எழுத வேண்டாங்க. ஆறாவது வாரம் குழுவுல சொன்னீங்கன்னு இருக்குது, அது போதும். முன்னயே தெரியும்னு எழுதினா, அப்புறம் ஏன் வரலன்னு கோர்ட்டுல உங்களத்தான் நிக்க வெச்சுக் கேப்பாங்க."

"எழுதுங்க" என்றார் ஹாஜிரா. "கேக்கட்டும். யாராவது கேக்கணும்."

எழுத்தர் எழுதினார். ஹாஜிரா ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டார்.